ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததால் மறுக்கப்பட்ட இழப்பீடு: பிரிட்டன் வழக்கு ஒன்றின் ஆய்வு

ஒரே ஆளால் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். இருவரும் குற்றங்களால் காயமுற்றோருக்கு அரசு தரும் இழப்பீட்டைக் கேட்டு பிரிட்டனில் விண்ணப்பித்தார்கள். ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவர் சொன்னதை யாரும் நம்பாமல் இல்லை. குற்றவாளி தண்டிக்கப்பட்டுவிட்டான், நடந்தது என்ன என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. கொடுமை நடந்த ஆண்டுகளில் அவர் அந்த ஆளோடு ஒரே வீட்டில், ஒரே குடும்பமாக வாழ்ந்தார் என்பது ஒன்றே மறுப்புக்குக் காரணம். அந்த ஆள் அவருடைய மாற்றாந்தந்தை. அவரோ அப்போது சிறுமி. வேறு எங்கே போய் வாழ்ந்திருப்பார்?

நீதிமன்ற ஆவணங்களில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, இரண்டு எழுத்துகள்தான். 2018 ஜூலையில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 'ஒரே கூரை விதி' என்று எல்லோரும் அழைத்த அந்த ஒற்றை விதி எப்படி வந்தது, எப்படி அத்தனை காலம் பிழைத்துக் கிடந்தது, எதனால் விழுந்தது என்பதை இங்கே விரிவாகப் பார்க்கலாம். இழப்பீட்டுத் திட்டம் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதல் கேள்வி 'எவ்வளவு கொடுக்கிறார்கள்' என்பதாகவே இருக்கிறது. யாரை வாசலிலேயே நிறுத்துகிறார்கள் என்று கேட்பவர் குறைவு. இந்த வழக்கைப் படித்த பிறகு அந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் முதலில் கேட்கிறேன்.

442 ஆண்டுகள்

இந்தத் திட்டத்துக்கு விதை போட்டவர் மார்ஜரி ஃபிரை. சிறைச் சீர்திருத்தத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர், ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கைதிகளின் உரிமைக்காகப் பேசிய ஒருவர்தான், அந்தக் கைதிகளால் அடிபட்டவர்களின் கதி என்ன என்றும் முதலில் உரக்கக் கேட்டார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். குற்றவாளியை மனிதனாக நடத்து என்பவர்கள் பாதிக்கப்பட்டவரை மறந்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பொய் என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி.

1957-ல் 'அப்சர்வர்' இதழில் எழுதிய கட்டுரையில் அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 1951-ல் தாக்கப்பட்டுப் பார்வை இழந்த ஒருவருக்கு நீதிமன்றம் 11,500 பவுண்டு இழப்பீடு விதித்தது. தாக்கியவர்கள் இருவர். ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு) கட்ட வேண்டும் என்று உத்தரவு. இருவருமாகச் சேர்த்து வாரம் அரைப் பவுண்டு, ஆண்டுக்கு 26 பவுண்டு. கடைசித் தவணையைக் கையில் வாங்க அந்தப் பார்வையற்ற மனிதர் இன்னும் 442 ஆண்டுகள் உயிரோடு இருக்க வேண்டும்.

வன்முறைக் குற்றம் செய்பவர்களில் பெரும்பாலோரிடம் பறிமுதல் செய்ய ஒன்றும் இருக்காது. அவர்கள் மேல் உரிமையியல் வழக்குப் போட்டு ஜெயித்தாலும் தீர்ப்பு தாளில்தான் இருக்கும். எனவே அரசே கொடுக்க வேண்டும் என்றார் ஃபிரை. குடிமக்கள் ஆயுதம் ஏந்திக்கொள்வதைத் தடுக்கும் அரசு, பாதுகாப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அரசு, அந்தப் பாதுகாப்பு தவறும்போது கைவிரிக்கக் கூடாது என்பது அவர் வாதம். எண்ணம் புதியதும் இல்லை. ஹம்முராபியின் சட்டத்திலேயே, கொள்ளையன் பிடிபடாவிட்டால் இழந்ததை ஊரும் ஊர்த்தலைவரும் ஈடுகட்ட வேண்டும் என்றும், உயிர் போயிருந்தால் குடும்பத்துக்கு ஒரு மினா (அக்கால எடை அளவு) வெள்ளி தர வேண்டும் என்றும் இருக்கிறது.

ஃபிரை 1958-ல் இறந்துபோனார். அவர் கேட்டதை முதலில் சட்டமாக்கிய நாடு நியூசிலாந்து. அங்கே 1963-ல் சட்டம் நிறைவேறி 1964 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் திட்டம் 1964 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. அது சட்டத்தின் வழியாக வரவில்லை. அரசு தன் விருப்பத்தில் தரும் கருணைத் தொகை என்று பெயர். ஆனாலும் கணக்கிட்ட முறை தாராளமானது. உரிமையியல் நீதிமன்றம் என்ன கொடுக்குமோ, ஏறத்தாழ அதே அளவுகோலை அதற்கென அமைத்த வாரியம் பின்பற்றியது.

வாசலில் எழுதிய வரி

தொடக்க நாளிலிருந்தே அந்தத் திட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. குற்றம் நடந்தபோது பாதிக்கப்பட்டவரும் குற்றம் செய்தவரும் ஒரே குடும்பத்தினராக ஒன்றாக வாழ்ந்திருந்தால் இழப்பீடு கிடையாது.

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. வீட்டுக்குள் நடப்பதை வெளியாட்கள் கண்டறிவது கடினம், பொய்க் கோரிக்கை எளிதாக நுழைந்துவிடும் என்பது ஒன்று. கொடுத்த பணம் சுற்றி வளைத்து அடித்தவன் கைக்கே போய்விடலாம் என்பது மற்றொன்று. மனைவியை அடித்த கணவனும் மனைவியும் சேர்ந்தே வாழ்கிறார்கள், மனைவிக்கு அரசு பணம் தருகிறது, மறுநாள் அது அவன் சட்டைப்பையில் இருக்கிறது. அதிகாரிகள் மனத்தில் இருந்த படம் இதுதான்.

இந்த அச்சத்தை நான் அப்படியே தள்ளிவிடமாட்டேன். வீட்டுக்குள் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் கைக்குத்தான் பணமும் போகும் என்பது அனுபவத்தில் தெரிந்த உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு, பணம் அவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. குழந்தைக்கு உரிய தொகையைக் குழந்தையின் பெயரில் கணக்கில் போட்டு வைத்து 18 வயதில் ஒப்படைக்கலாம். பிற்காலத்தில் இதே திட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள். 1964-ல் விதி எழுதியவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் கதவையே சாத்திவிட்டார்கள்.

சாத்தியது யாருக்கு எதிராக என்று பாருங்கள். தெருவில் முன்பின் தெரியாதவன் தாக்கினால் இழப்பீடு உண்டு. தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவன் ஆண்டுக்கணக்கில் தாக்கினால் இல்லை. வேலியே பயிரை மேய்ந்த இடங்களில் மட்டும் அரசு கைகட்டி நின்றது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை எங்கே அதிகம் நடக்கிறது என்பதை அன்று சமூகம் வெளிப்படையாகப் பேசவில்லை, அதனால் தெரியாமல் எழுதினார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். 1964-க்கு அது ஓரளவு பொருந்தும். பின்னால் நடந்ததற்குப் பொருந்தாது.

1979-ல் அரசே தவறை உணர்ந்தது. திட்டம் திருத்தப்பட்டது. ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களும் இனி விண்ணப்பிக்கலாம். பெரியவர்கள் என்றால் குற்றவாளியோடு சேர்ந்து வாழ்வதை நிறுத்தியிருக்க வேண்டும், பொதுவாக வழக்கும் தொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள். ஆனால் திருத்தம் 1979 அக்டோபர் 1-க்குப் பிறகு நடக்கும் குற்றங்களுக்கு மட்டுமே. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பழைய விலக்கே தொடர்ந்தது. முன்தேதியிட்டுக் கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள், செலவு எங்கே போய் நிற்கும் என்ற கவலைதான் காரணம்.

செப்டம்பர் 30 இரவு நடந்ததற்குப் பணம் இல்லை, அக்டோபர் 1 காலை நடந்ததற்கு உண்டு. சட்டத்தில் ஏதோ ஒரு தேதியில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பார்கள், நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கோடு எல்லோருக்கும் போடப்படவில்லை. அதே 1970களில் அயலானால் தாக்கப்பட்டவருக்கு எந்தத் தடையும் இல்லை. அக்டோபர் 1 என்ற தேதி வீட்டுக்குள் அடிபட்டவர்களை மட்டுமே இரண்டாகப் பிரித்தது.

நகலெடுத்து நகலெடுத்து

அதன்பின் நடந்ததுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. திட்டம் அப்படியே கிடக்கவில்லை. பலமுறை மாற்றி எழுதப்பட்டது. 1990களின் நடுவில் அரசு செலவைக் குறைக்க நினைத்து, ஒவ்வொரு காயத்துக்கும் நிர்ணயித்த தொகை என்ற பட்டியல் முறையைக் கொண்டுவந்தது. நாடாளுமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றிய சட்டத்தை ஒதுக்கிவிட்டு உள்துறை அமைச்சர் அதைச் செய்ய முடியாது என்று 1995-ல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. தீயணைப்பு ஊழியர் சங்கம் தொடுத்த அந்த வழக்கை அரசியலமைப்புச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதே ஆண்டு முறையான சட்டம் வந்தது. 1996-ல் பட்டியல் முறைத் திட்டம் தொடங்கியது. 2001-ல் ஒரு திருத்தம், 2008-ல் ஒன்று, 2012-ல் இன்னொன்று.

ஒவ்வொரு முறையும் யாரோ ஓர் அதிகாரி பழைய வரைவை முன்னால் வைத்துக்கொண்டு புதியதை எழுதியிருப்பார். '1979 அக்டோபர் 1-க்கு முன் ஒரே குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இல்லை' என்ற வரி ஒவ்வொரு முறையும் கூடவே வந்தது. இடையில், 1990களிலேயே, இந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் இருந்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று பொதுப்பணத்தைப் பங்கிடுவது அரசின் வேலை என்று சொல்லி நீதிமன்றம் தலையிடவில்லை.

2012 திட்டத்தின் தொகைகளையும் சொல்லிவிடுகிறேன். மிகக் குறைந்த காயத்துக்கு 1,000 பவுண்டு; எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 5,00,000. கொலையுண்டவரின் குடும்பத்தில் தகுதியுள்ள உறவினர் ஒருவர் மட்டும் என்றால் துயர் நிவாரணம் 11,000. ஒருவருக்கு மேல் இருந்தால் ஆளுக்கு 5,500. கணவன், மனைவி, இணையர், பெற்றோர், பிள்ளைகள் தகுதியுள்ளவர்கள். உடன்பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணனைப் பறிகொடுத்த தங்கை திட்டத்தின் கண்ணில் யாரும் இல்லை. பெற்றோரை இழந்த குழந்தைக்கு, அந்தப் பராமரிப்புக்கு ஈடாக, 18 வயது வரை ஆண்டுக்கு 2,000 பவுண்டு. இறுதிச் சடங்குச் செலவுக்கு 2,500, தேவை நிரூபிக்கப்பட்டால் 5,000 வரை. யாரும் இதை உயிரின் விலை என்று நினைக்கவில்லை, நினைக்கவும் கூடாது. வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கும், மனநல மருத்துவருக்கும், வாடகைக்கும் கைகொடுக்கும் தொகை இது. அரசு தன் முத்திரையோடு 'உனக்கு நடந்தது குற்றம், நீ சொன்னது உண்மை' என்று எழுதித் தரும் கடிதமும் அதனுடன் வருகிறது. பலருக்கு வாழ்நாளில் முதன்முறையாகக் கிடைக்கும் ஒப்புதல் அதுதான்.

வழக்கு

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருவோம். கொடுமை நடந்தது 1979-க்கு முன். பல பத்தாண்டுகள் கழித்து மாற்றாந்தந்தை மீது வழக்கு நடந்து, பாலியல் வன்புணர்வு உட்படப் பல குற்றங்களுக்கு அவன் சிறை சென்றான். அதன் பிறகு அவர் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் இழப்பீட்டு ஆணையம் விதியைக் காட்டி மறுத்தது. முதல்நிலைத் தீர்ப்பாயம் மறுத்தது. மேல்நிலைத் தீர்ப்பாயத்திலும் வெற்றி கிடைக்கவில்லை. இவர்கள் யாரையும் நான் கல்நெஞ்சர்கள் என்று சொல்லமாட்டேன். விதி தெளிவாக இருந்தது, அதை வளைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாதம் மனித உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அது தனித்து நிற்காது. உடன்படிக்கையின் வேறு ஓர் உரிமையின் எல்லைக்குள் விஷயம் வர வேண்டும். சட்டப்படி அமைந்த திட்டத்தில் கோரும் இழப்பீடு சொத்துரிமையின் எல்லைக்குள் வரும் என்பது முதல் படி. இரண்டாவது படிதான் கடினமானது. இனம், பால், மதம் போல, 'குற்றவாளியோடு ஒரே குடும்பத்தில் வாழ்ந்தவர்' என்பதும் ஒரு நிலையா? அதைக் காட்டிப் பாகுபடுத்தப்பட்டேன் என்று ஒருவர் சொல்ல முடியுமா?

முடியும் என்றது நீதிமன்றம். ஒரு குழந்தை எந்தக் குடும்பத்தில் வாழ்கிறது என்பது அந்தக் குழந்தை தேர்ந்தெடுப்பது இல்லை. தான் தேர்ந்தெடுக்காத ஒன்றை வைத்து அவரை வேறுபடுத்தியிருக்கிறார்கள்.

மூன்றாவதாக, இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் உண்டா என்ற கேள்வி. இங்கேதான் 1964-ன் இரண்டு காரணங்களும் உதிர்ந்தன. உண்மையைக் கண்டறிவது கடினம் என்றார்கள். இங்கே குற்றவியல் நீதிமன்றமே சந்தேகத்துக்கு இடமின்றிக் கண்டறிந்துவிட்டது. பணம் குற்றவாளிக்குப் போய்விடும் என்றார்கள். அவன் சிறையில், இவர் நடுவயது கடந்த பெண், இருவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மிஞ்சியது செலவுக் கணக்கு ஒன்றே. அரசு சிக்கனம் பார்ப்பது தவறில்லை. ஆனால் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்களில் ஒரு கூட்டத்தை மட்டும் காரணமின்றி ஒதுக்கி அந்தச் சிக்கனத்தைச் செய்யக் கூடாது. அதே ஆளால் பாதிக்கப்பட்ட இன்னொருவர் வேறு வீட்டில் வாழ்ந்ததால் இழப்பீடு பெற்றிருந்தார். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைத்ததை இதைவிடத் தெளிவாக எந்த வாதமும் காட்டியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு

அரசு தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. விதியை அடியோடு நீக்குவதாக 2018 செப்டம்பரில் அறிவித்தது. 2019 ஜூன் 13 முதல் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக இந்தத் திட்டத்தில் ஒருமுறை மறுக்கப்பட்டவர் அதே குற்றத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. இந்த விதியால் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்குத் தரப்பட்டது. அதற்கான கெடு இரண்டு ஆண்டு.

ஒரு விதி போனாலும் வாசலில் வேறு விதிகள் நிற்கின்றன. காலாவதியாகாத (அதாவது, சட்டப்படி கணக்கிலிருந்து நீங்கும் காலம் இன்னும் முடியாத) குற்றத் தண்டனை உடையவருக்கு, சிறைத் தண்டனை போன்ற வகையாக இருந்தால், இழப்பீடு அறவே கிடையாது என்கிறது 2012 திட்டம். லித்துவேனியாவிலிருந்து கடத்திவரப்பட்டு உழைப்புச் சுரண்டலுக்கு ஆளான இரட்டைச் சகோதரர்கள் இருவர் இதை எதிர்த்தார்கள். கடத்தப்படுவதற்கு முன் தங்கள் நாட்டில் திருட்டு தொடர்பான குற்றங்களுக்கு அவர்கள் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். 2021 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அரசு இப்படி ஒரு கோடு போடலாம் என்பது முடிவு. ஒரே கூரை வழக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரிகிறது: தான் செய்த திருட்டு ஒருவரின் சொந்தச் செயல், எந்த வீட்டில் வளர்ந்தோம் என்பது அப்படி இல்லை. சட்டத்தின் பார்வையில் அந்த வித்தியாசம் போதுமானதாக இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. திருட்டுக்கு அவர்கள் தண்டனை பெற்றாயிற்று. அடிமையாக நடத்தப்பட்டது அதோடு சம்பந்தமில்லாத வேறொரு குற்றம்.

விண்ணப்பத்துக்கான இரண்டு ஆண்டு காலவரம்பும் அப்படியே. விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் நீட்டிக்கலாம் என்று இருந்தாலும், அந்தச் சூழ்நிலையை விளக்கும் சுமை பாதிக்கப்பட்டவர் தலையில் விழுகிறது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையை விசாரித்த சுயேச்சை ஆணையம் 2022 அக்டோபரில் தந்த இறுதி அறிக்கையில் இந்த வரம்பை ஏழு ஆண்டுகளாக்கவும், குற்றத் தண்டனை விதியைத் தளர்த்தவும் பரிந்துரைத்தது. சிறுவயதில் சீரழிக்கப்பட்டவர்களில் சிலர் பின்னாளில் சிறு குற்றங்களில் சிக்குகிறார்கள். அந்தத் தண்டனையையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுத்தால், முதல் காயம் இரண்டாவது முறையும் அவர்களைத் தண்டிக்கிறது.

1964-ல் திட்டம் தொடங்கிய நாளில் 10 வயதாக இருந்த ஒரு சிறுமிக்கு, விதி நீக்கப்பட்டபோது 64 அல்லது 65 வயது. முதல்முறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டவராக இருந்தால், அவர் மறுபடி ஒரு படிவத்தை எடுத்து, குற்றம் செய்தவரின் பெயர், உறவுமுறை, நடந்த ஆண்டு, நடந்த இடம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. அதற்கான கடைசி நாள் 2021 ஜூன் 13.